சேம அச்சு

வண்டியின் குறுக்கே கிடந்து இரண்டு சக்கரங்களையும் தாங்கும் உறுப்பை இலக்கியம் அச்சு என்கிறது. ஊர்ப்புறம் இருசு என்கிறது. மாட்டுவண்டி அருகிவரும் காலத்தில் இவ்விரு சொற்களுமே நம் மாணவர்களுக்கு அந்நியமாகி வருகின்றன. இருசு என்றவுடன், "எங்கள் பாட்டியின் பெயர்கூட இருசாயிதான்" என்று வகுப்பில் எழுந்து சொன்ன மாணவி உண்டு. பெயர் நிலைத்துவிட்டது, பொருள் கழன்றுவிட்டது.

நம் பழம்புலவர்கள் அச்சை நன்றாகவே உற்றுப் பார்த்திருக்கிறார்கள். வலியறிதல் அதிகாரத்தில் வரும் 475ஆம் குறள், ஏற்றியது மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்று எச்சரிக்கிறது. அடுத்த குறள், கிளையின் நுனிவரை ஏறியவன் அதற்கும் அப்பால் ஏற முனைந்தால் உயிர் தங்காது என்கிறது. முன்னது சுமையைப் பற்றியது. பின்னது ஆசையைப் பற்றியது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் வேறொரு வழி காட்டுகிறார். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்பதை யார் அறிவார்? ஆகவே உப்பு வணிகராகிய உமணர், வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதுவே சேம அச்சு. அதியமானின் மகன் பொகுட்டெழினி அத்தகையவன் என்பது பாட்டின் கருத்து.

இலக்கியம் வாசிக்க வந்த இடத்தில் இரும்புக்கடை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அச்சு முறிவதைப் பதினெட்டு ஆண்டுகளாக உவமையாகக் கற்பித்துவந்த நமக்கு, அதை இரும்பாகவும் எண்ணெயாகவும் துருவாகவும் காணும் வாய்ப்பு 2024ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் கிடைத்தது. அங்கே கண்டவை மேற்சொன்ன மூன்று பாடல்களுக்கும் உரை எழுதியதுபோல் இருந்தன என்பதால்தான் இக்கட்டுரை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சேக்ரமென்டோ நகருக்கு அருகே நம் தம்பி வசிக்கிறான். வாரத்தில் ஐந்து நாள் கணினி. மீதி இரண்டு நாள் ஜீப். அவனிடம் இருப்பது 1999ஆம் ஆண்டு ஜீப் ராங்ளர். சியர்ரா நெவாடா மலைத்தொடர் அவன் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. அம்மலையில் ஜார்ஜ்டவுன் என்னும் சிற்றூர்ப் பக்கத்திலிருந்து டாஹோ ஏரிப் பக்கம் வரை ரூபிகான் பாதை செல்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய 22 மைல். சாலை என்று அதைச் சொல்ல இயலாது. பாறைகளின் மேல் பாறைகள் கிடக்க, அவற்றின் மேல் வண்டி நடக்கிறது. 1953 முதல் ஆண்டுதோறும் ஜீப்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து அதைக் கடக்கும் வழக்கம் இருக்கிறது. தம்பிக்கு அந்த 22 மைல் பல ஆண்டுக் கனவு.

2023 அக்டோபரில் அக்கனவுக்கு ஒத்திகையாக வேறொரு சிறிய கற்பாதையில் அவன் ஏறியிருக்கிறான். பக்கத்து இருக்கையில் பன்னிரண்டு வயது மகள். முன் சக்கரம் ஒன்று இரு பாறைகளுக்கிடையே சிக்கிக்கொண்டது. அவன் எரிபொருளை மிதித்தான். அடியிலிருந்து துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை. முன் அச்சின் நடுவிலுள்ள பெரிய பல்சக்கரத்தில் பற்கள் உடைந்து, உடைந்த துண்டுகள் இடையில் சிக்கி முன்பக்கம் இறுகிவிட்டது. வண்டி பின்னோக்கிச் சரிந்து, ஒரு பைன் மரத்தில் சாய்ந்து நின்றது. மரத்துக்கு அப்பால் பள்ளத்தாக்கு. இருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. இதில் வண்டியைச் செய்தவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஏறக்குறைய 28 அங்குலச் சக்கரத்துக்கு அளந்து செய்த அச்சில் 33 அங்குலச் சக்கரத்தை மாட்டியவன் அவன்.

வீடு திரும்பியதும் அவன் மனைவி சொன்ன வார்த்தைகளை அவனே நம்மிடம் ஒப்பித்தான். "ஒண்ணு இதை வித்துடுங்க. இல்லேன்னா ஒடையாதமாதிரி பண்ணிட்டு வந்து எங்கிட்டப் பேசுங்க." அவன் இரண்டாவதைத் தேர்ந்தான். நாம் போய் இறங்கியபோது கார் நிறுத்துமிடத்தில் ஜீப் நான்கு தாங்கிகளின்மேல் நின்றது. அருகே, துருப்பிடித்த ஒரு பழைய முன் அச்சு தரையில் கிடந்தது. "அக்கா, நீங்க சொல்லுவீங்களே இருசு, இதுதான் அது" என்றான்.

பின் அச்சைவிட முன் அச்சுக்குத் தொல்லை அதிகம். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் முன் அச்சு பாரத்தைத் தாங்க வேண்டும்; என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்த வேண்டும்; அதே வேளையில் சக்கரம் இடமும் வலமும் திரும்ப இடங்கொடுக்கவும் வேண்டும். அதனால் பின் அச்சுக்கு இல்லாத ஒன்று முன் அச்சுக்கு உண்டு. அது மணிக்கட்டு. சுழலும் தண்டு இரண்டாகப் பிரிந்து, சக்கரத்தருகே சிலுவை வடிவ இணைப்பு ஒன்றால் சேர்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் அதைக் கிராஸ் என்பார்கள். சுழன்றுகொண்டே மடங்கும் இவ்விணைப்பைக் காருக்கு ஏற்ற வடிவில் செய்து, 1903இல் காப்புரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அவர் தொடங்கிய நிறுவனத்துக்குள் 1914இல் வந்து சேர்ந்தவர் சார்லஸ் டேனா, தொழிலால் வழக்கறிஞர். பின்னாளில் அந்நிறுவனமே டேனா என்று பெயர் மாறியது. ஜீப்காரர்கள் டேனா 30, டேனா 44, டேனா 60 என்று அச்சுகளை எண்ணிட்டு அழைப்பது அந்த வழக்கறிஞரின் பெயரைத்தான். எண் ஏற ஏற அச்சும் தடிக்கிறது.

தம்பியின் வண்டியில் இருந்தது டேனா 30. அதன் பெரிய பல்சக்கரம் சற்றேறக்குறைய 7.2 அங்குல விட்டம். டேனா 44இல் 8.5 அங்குலம். பாதித் தண்டின் தடிமன் முன்னதில் 1.16 அங்குலம்; பின்னதில் 1.31 அங்குலம். பார்வைக்கு அற்ப வேறுபாடு. ஆனால் ஒரு தண்டு முறுக்கைத் தாங்கும் வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு தடித்தால், வலிமை நூற்றுக்கு நாற்பத்து நான்கு பங்கு கூடுகிறது. இக்கணக்கை அவன் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிக் காட்டியபோது, மாத்திரை ஒன்று கூடியதால் பாட்டின் ஓட்டமே மாறிவிடும் யாப்பு நினைவுக்கு வந்தது.

டேனா 44ஐ அடைய அவனுக்குப் பல வழிகள் இருந்தன. 2003இல் வெளிவந்த ராங்ளர் ரூபிகான் வகையில் தொழிற்சாலையிலேயே முன்பக்கம் டேனா 44 பொருத்தினார்கள். அதை வாங்கினால் வெட்டாமல் ஒட்டாமல் மாட்டிவிடலாம். ஆனால் அதன் நடுப்பகுதிதான் 44. சக்கரத்தை ஒட்டிய முனைப்பகுதிகள் 30க்கு உரியவையே. உடல் பயில்வானுடையது, கை பழைய கை. எனவே 1970களின் இறுதியில் வந்த ஃபோர்டு எஃப்-150 சரக்கு வண்டியின் முன் அச்சைப் பழைய இரும்புச் சந்தையில் தேடி எடுத்திருந்தான். அதில் உந்துபல் அச்சின் நடுக்கோட்டுக்கு மேலே அமைந்திருக்கிறது. அதனால் அதை இயக்கும் தண்டு பாறையில் உரசுவது குறைகிறது. இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. பின் அச்சுக்கென வெட்டிய பல்லமைப்பை முன்னே மாட்டினால், வண்டி முன்னோக்கி ஏறும்போது பல்லின் வலுக்குறைந்த முதுகுப்புறமே பாரத்தைத் தாங்கும். அக்டோபரில் உடைந்தது அம்முதுகுதான். ஃபோர்டு அச்சில் பற்கள் எதிர்த்திசையில் வெட்டப்பட்டவை; ஏற்றத்தில் பல்லின் வலிய முகமே வேலை செய்கிறது.

ஒரு வண்டிக்காகப் பிறந்த அச்சை இன்னொரு வண்டிக்குக் கீழே குடிவைப்பது எளிதன்று. ஃபோர்டு அச்சு ஜீப்பினுடையதைவிட நான்கைந்து அங்குலம் அகலம். சக்கரத்தைப் பிணைக்கும் ஐந்து ஆணிகளின் வட்டம் ஜீப்பில் 4.5 அங்குலம், இதில் 5.5 அங்குலம். எனவே பின்பக்கமும் தடித்த இடைத்தகடுகளை வைத்து அகலத்தையும் ஆணி வட்டத்தையும் ஒப்பாக்க வேண்டியிருந்தது. பழைய வண்டியின் தாங்குகரங்களுக்காக அச்சோடு சேர்த்தே வார்த்திருந்த ஆப்புகளை அறுத்தெறிய வேண்டும். ஜீப்பின் கரங்களுக்குப் புதிய பிடிப்புகளைப் பற்றவைக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வார்ப்பிரும்பின்மேல் அமைகிறது. வார்ப்பிரும்பைக் குளிர்ந்த நிலையில் பற்றவைத்தால் ஆறும்போது விரிசல் காணும். முன்கூட்டியே சூடேற்றி, பிறகு மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அந்த வேலையைத் தம்பி தொடவில்லை. அடுத்த வீட்டில் வசிக்கும், பட்டறைத் தொழிலில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் செய்தார். ஆறும் வரை அச்சின்மேல் கம்பளி போர்த்துவதுபோல் வெப்பந்தாங்கும் துணியைப் போர்த்திவிட்டு, ஒரு நாற்காலியைப் போட்டுப் பக்கத்திலேயே அமர்ந்துகொண்டார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் காவலிருக்கும் தோற்றம்.

பற்களை இணைசேர்க்கும் நாளில் நமக்கும் வேலை கிடைத்தது. பெரிய பல்சக்கரத்துக்கும் உந்துபல்லுக்கும் இடையே அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு முதல் பத்துப் பங்கு வரை இடைவெளி இருக்க வேண்டும். இரண்டு தாள்களை அடுக்கிய கனம்தான் அது. நெருங்கினால் சூடேறித் தேயும். விலகினால் மோதி உடையும். பல்லின்மேல் மஞ்சள் பசையைப் பூசிச் சுழற்றி, பசை நீங்கிய தடம் பல்லின் நடுவே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி, மெல்லிய தகடு ஒன்றைச் சேர்த்தோ எடுத்தோ மீண்டும் பூட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை முழுவதும் ஐந்து முறை கழற்றிப் பூட்டினார்கள். நாம் அளவுமானியின் முள்ளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியர்களின் பொறுமையை நூல்களில் வியந்திருக்கிறோம். அதன் உடன்பிறப்பை அன்று நேரில் கண்டோம்.

அந்த மாலையில்தான் பெரியவர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். தண்டு தடித்தது, பல்சக்கரம் பெருத்தது, எல்லாம் சரி. ஆனால் இந்தப் பெரிய அச்சின் மணிக்கட்டில் இருக்கும் கிராஸும் அந்தச் சின்ன அச்சின் கிராஸும் ஒரே அளவு! இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், இரட்டைப் பிள்ளைகள். தம்பியின் முகம் வாடிவிட்டது. இதைவிட உறுதியான, விலையுயர்ந்த கிராஸ் கிடைக்கிறது, உடனே வாங்கிவிடுகிறேன் என்றான். பெரியவர் வேண்டாமென்று தலையசைத்தார். "எங்கோ ஓரிடத்தில் அது முறிந்தே தீரும். எங்கே முறிய வேண்டும் என்பதை நீ முடிவுசெய்கிறாயா, மலை முடிவுசெய்யட்டுமா?" என்பது அவர் கேட்டதன் சாரம்.

கிராஸை வலுப்படுத்தினால் அடுத்து முறிவது தண்டு. தண்டை மாற்றினால் பல்சக்கரம். அதுவும் தாங்கினால் திருப்புக்கோல் வளையும்; அதையும் தாண்டினால் சட்டகமே விரிசல் காணும். முறிவை ஒழிக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். முறிகிற இடம் கைக்கெட்டும் இடமாக, மலிவான இடமாக, வண்டி கட்டுக்குள் இருக்கும் இடமாக இருக்க வேண்டும். ஃபோர்டு அச்சில் சக்கரத்தின் நடுவே கையால் திருகும் பூட்டு ஒன்று உண்டு. அதைத் திருகிவிட்டால் சக்கரம் தண்டோடு உள்ள உறவை அறுத்துக்கொண்டு தானாக உருளும். கிராஸ் போனால் தண்டை உருவி எடுத்துவிட்டு, மாற்றுத் தண்டை மலையிலேயே செருகிக்கொள்ளலாம். பல்சக்கரம் உடைந்தால் அப்படிச் செய்ய இயலாது. அதைத்தான் அக்டோபரில் பார்த்தாயிற்று. ஆகவே கிராஸ் பழைய அளவிலேயே இருந்தது. கிராஸ் பூட்டிய இரண்டு தண்டுகளை, இடத்துக்கொன்று வலத்துக்கொன்றாக, சாக்குத்துணியில் சுற்றி வண்டியின் பின்புறம் கட்டினார்கள். கட்டிமுடித்துத் தம்பி நிமிர்ந்தபோது, "இதற்கு எங்கள் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது" என்று பெரியவரிடம் சொன்னோம். சேம அச்சு என்பதை அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆயினும் உண்மையான வழக்கு அதன்பின்தான் தொடங்கியது. புதிய அச்சு வந்துவிட்டதால் 37 அங்குலச் சக்கரம் மாட்டலாம் என்று தம்பி ஆசைப்பட்டான். ஜீப்காரர்கள் பலரும் செய்வதுதான். உயர்ந்த சக்கரம் உயர்ந்த பாறையில் ஏறும். இங்கே நம் இலக்கணப்புத்தி குறுக்கிட்டது. தண்டில் கூடிய வலிமை நூற்றுக்கு நாற்பத்து நான்கு. 33 அங்குலச் சக்கரத்துக்கு ஈடுகொடுக்க, பல்விகிதத்தை முன்னும் பின்னும் ஒரே அளவாக 3.73இலிருந்து 4.56க்கு ஏற்கெனவே மாற்றியிருந்தான். முன்பின் விகிதங்கள் மாறுபட்டால் இறுகிய தரையில் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டையும் மாற்றியாக வேண்டும். முதல் கியரில், தாழ்விகிதத்தில், என்ஜினின் முறுக்கு முன்பு ஏறக்குறைய 39 மடங்காகப் பெருகி அச்சுகளை அடைந்தது. இப்போது ஏறக்குறைய 47 மடங்கு. கூடிய வலிமையில் ஒரு பங்கு அங்கேயே செலவாயிற்று. 37 அங்குலச் சக்கரம் நெம்புகோலின் நீளத்தை இன்னும் நூற்றுக்குப் பன்னிரண்டு கூட்டும், எடையும் ஏறும், ஏறின எடைக்கு இன்னும் தாழ்ந்த பல்விகிதம் கேட்கும். இவை நேர்க்கூட்டலில் சேர்வன அல்ல என்றாலும் போகும் திசை ஒன்றே. கடைசியில், பழைய அச்சு பழைய சக்கரத்தோடு நின்ற அதே விளிம்பில், புதிய அச்சு புதிய சக்கரத்தோடு நிற்கும். பாறை மட்டும் முன்னைவிட உயரமாக இருக்கும்.

"அப்புறம் எதுக்குக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவன் மனைவி உடையாத வண்டியைக் கேட்டார் என்று அவன் புரிந்துகொண்டிருந்தான். அவர் கேட்டது வேறு என்று நமக்குத் தோன்றியது. மகள் அமரும் இருக்கைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவே ஒரு பைன் மரத்தைவிடக் கூடுதலாக ஏதேனும் இருக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. அந்தக் கூடுதலைச் சம்பாதித்த அன்றே செலவழித்துவிட்டால், அவருக்குக் கொடுக்க அவன் கையில் ஒன்றும் இருக்காது. இதை நாம் அவனிடம் சொன்னோம். அவன் பதில் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, பழைய 33 அங்குலச் சக்கரங்களையே கழுவித் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தான். மருமகள் பக்கத்தில் நின்று ஆணிகளை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் நடுவில் நாம் ஊர் திரும்பிவிட்டோம். ஆகஸ்டில் தம்பி தொலைபேசியில் அழைத்தான். வேறு நான்கு வண்டிகளோடு மூன்று நாள்களில் ரூபிகானைக் கடந்திருக்கிறார்கள். மனைவியும் உடன் சென்றிருக்கிறார். இரண்டாம் நாள் வலப்பக்கக் கிராஸ் முறிந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பூட்டைத் திருகி, சக்கரத்தைக் கழற்றி, தண்டை உருவி, சாக்குத்துணியிலிருந்து மாற்றை எடுத்துச் செருக ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மகள் விளக்குப் பிடித்தாளாம். பாறைமேல் ஏறும் வழியும் அதைச் சுற்றிப் போகும் வழியும் பிரிந்த இடங்களில் என்ன செய்தாய் என்று கேட்டோம். "சுத்தித்தான்கா போனேன்" என்றான். அந்தக் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அதை மறைக்கவும் அவன் முயலவில்லை.

நம் நாட்டில் இப்படி அச்சு மாற்றுவது சட்டத்துக்கு எளிதில் உட்படாது. தயாரிப்பாளர் வகுத்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் கொண்டு உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே மலையேறும் நம்மூர் இளைஞர்களுக்கு இக்கட்டுரை வழிகாட்டி அன்று. வகுப்பறைக்குத்தான் இதனால் பயன்.

வலியறிதல் என்ற தலைப்பை, எதிரியின் வலிமையை எடைபோடுவது என்றே மாணவர்கள் தேர்வில் எழுதுவார்கள். அது நான்கில் ஒன்று. எடுத்த செயலின் வலிமை, தன் வலிமை, துணைநிற்போர் வலிமை என்று வள்ளுவர் மற்ற மூன்றையும் வைத்திருக்கிறார். ஜீப்புக்கு எதிரி பாறை என்றால், துணை அந்தச் சாக்குத்துணிப் பொட்டலம். உமணரும் இன்னும் பருத்த ஓர் அச்சைச் செதுக்கியிருக்கலாம். மரத்துக்கு அவர்களிடம் பஞ்சமில்லை. பருத்த அச்சு வந்திருந்தால், இன்னும் நான்கு மூட்டை உப்பு ஏற்றலாம் என்று யாரேனும் ஒருவர் சொல்லியிருப்பார் என்பதையும் அவர்கள் அறிந்திருக்கக்கூடும். எனவே அடியில் கட்டினார்கள். அடியில் கட்டிய அச்சின்மேல் யாரும் மூட்டை ஏற்ற முடியாது.

இவ்வாண்டு அப்பாட்டை நடத்தியபோது, கிராஸ் ஒன்றை வகுப்புக்கு எடுத்துச் சென்றோம். தம்பி பெட்டியில் வைத்து அனுப்பியது. ஒரு கை முறிந்தது. மாணவர்கள் அதைக் கையிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டார்கள். கடைசி வரிசையில் ஒரு மாணவன், தந்தை லாரிப் பட்டறை வைத்திருப்பவன், முறிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, இது போச்சும்மா" என்றான். எதற்கு நல்லவேளை என்று மற்றவர்களுக்கு அவனே விளக்கத் தொடங்கினான். நாம் சுண்ணக்கட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றோம்.